உங்களுக்குத் தெரியுமா? தையல் மிஷினிலிருந்து வந்த முகக்கவசம்

சென்னையிலிருந்து ரயிலில் சேலத்துக்கோ பெங்களூருக்கோ போகிறவர்களில் பெரும்பாலோர் ஜோலார்பேட்டையைத் தாண்டித்தான் போவார்கள். இந்த ஊரைச் சுற்றி ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களும் ஷூ கம்பெனிகளும் வரிசையாக இருக்கின்றன. தையல் மிஷினில் உட்கார்ந்தே குடும்பத்தைக் காப்பாற்றும் பெண்கள் இங்கே ஏராளம். கொரோனா காலத்தில் நாடு முழுக்கத் தையல் தெரிந்த கைகள் முகக்கவசத்தின் பக்கம் திரும்பின. அந்த வேலையைப் பற்றியும் அதன் முன்கதையைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள் இங்கே.

● திருப்பத்தூர் மாவட்டம் 2019 நவம்பர் 28 அன்று பிறந்தது. ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் எல்லாம் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து இதற்குள் வந்தன. 2020 மார்ச் 24 நள்ளிரவில் ஊரடங்கு தொடங்கியபோது மாவட்டத்துக்கு நான்கு மாதம்கூட நிறையவில்லை.

● அதற்கு முந்தைய கோடையில் சென்னைக்குக் குடிநீர் கொடுத்த ஊர் ஜோலார்பேட்டை. 2019 ஜூலை 12 அன்று 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. தமக்கே தண்ணீர்த் தட்டுப்பாடு வருமோ என்ற கவலை உள்ளூரில் இருந்தபோது அனுப்பிய தண்ணீர் அது.

● 2020 மார்ச் 3 அன்று உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொன்னது. கொரோனாவைச் சமாளிக்க உலகம் முழுக்க மாதம் 8.9 கோடி மருத்துவ முகக்கவசங்கள் தேவை. அதற்குள் சர்ஜிகல் மாஸ்க் விலை ஆறு மடங்காகவும் என்95 விலை மூன்று மடங்காகவும் ஏறியிருந்தது. வீட்டுக்கு வீடு பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தால் நர்ஸுக்கும் டாக்டருக்கும் என்ன மிஞ்சும்? துணி முகக்கவசம் தைக்கும் இயக்கம் பிறந்ததற்கு இந்தக் கேள்விதான் காரணம்.

● இந்திய அரசு 2020 மார்ச் 13 அன்று முகக்கவசத்தையும் சானிட்டைசரையும் அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்த்தது. அடுத்த வாரமே விலைக்கும் உச்சவரம்பு வந்தது. இரண்டடுக்கு சர்ஜிகல் மாஸ்க் 8 ரூபாய், மூன்றடுக்கு 10 ரூபாய்.

● வீட்டிலேயே முகக்கவசம் செய்வது எப்படி என்று மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2020 மார்ச் கடைசியில் ஒரு கையேடு வெளியிட்டது. பெரியவர்களுக்கு 9 அங்குல நீளம், 7 அங்குல அகலம். சிறுவர்களுக்கு 7-க்கு 5. தையல் மிஷின் இல்லாதவர்களுக்குத் தைக்காமலே செய்யும் வழியும் அதில் இருந்தது.

● 2020 ஏப்ரல் 3 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட அறிவுரையில் பலர் கவனிக்காமல் விட்ட வரி ஒன்று உண்டு. வீட்டில் தைத்த முகக்கவசம் மருத்துவப் பணியாளர்களுக்கோ, நோயாளிகளுக்கோ, அவர்களோடு நெருங்கிப் பழகுகிறவர்களுக்கோ உரியதல்ல. பொதுமக்கள் போட்டுக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டது அது.

அப்படியென்றால் மருத்துவமனைக்காகத் தைத்ததெல்லாம் வீணா? ஒருபோதும் இல்லை. காய்கறிக் கடைக்குப் போகிறவர் துணி முகக்கவசம் போட்டுக்கொண்டால் ஒரு சர்ஜிகல் மாஸ்க் வார்டுக்கு மிச்சம். தைத்தவர்கள் டாக்டருக்கும் நர்ஸுக்கும் செய்த பெரிய உதவி இதுதான் என்பது என் கருத்து. அவர்கள் தைத்ததை டாக்டர் போட்டுக்கொள்ளாவிட்டாலும் அந்த உதவி அவரைப் போய்ச் சேர்ந்தது.

● வீட்டில் தைத்தது மருத்துவப் பணியாளர்களுக்கு உரியதல்ல என்ற அந்த எச்சரிக்கைக்கு வலுச் சேர்க்கும் ஆய்வு வியட்நாமில் நடந்தது. ஹனோயில் 14 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,607 பணியாளர்களை வைத்து நடத்திய ஆய்வு அது. முடிவு 2015-ல் வெளியானது. வார்டில் துணி முகக்கவசம் போட்டவர்களுக்கு மருத்துவ முகக்கவசம் போட்டவர்களைவிட அதிகமாகச் சளிக்காய்ச்சல் வந்திருந்தது. அதே ஆய்வாளர்கள் 2020-ல் பழைய தரவை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். துணி முகக்கவசத்தைத் தாமே கையால் துவைத்துக்கொண்டவர்களுக்குத் தொற்று கூடுதல். மருத்துவமனைச் சலவையில் துவைத்தவர்களுக்கு அந்தக் கூடுதல் இல்லை. துணியோடு துவைப்பும் சேர்ந்தால்தான் காப்பு.

● துவைப்பதற்கு ஏப்ரல் 3 அறிவுரை சொன்ன வழிகள் நம் அடுப்படிக்குள்ளேயே இருந்தன. சோப்பும் வெந்நீரும் போட்டுத் துவைத்து ஐந்து மணி நேரமாவது வெயிலில் காய வைக்கலாம். பிரஷர் குக்கரில் தண்ணீரோடு 10 நிமிடம் வேக வைக்கலாம். குக்கர் இல்லையா? 15 நிமிடம் கொதிக்க வைக்கலாம். இஸ்திரிப் பெட்டிச் சூடும் ஆகும். வேலூர் வெயிலைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

● முகக்கவசத்தின் மடிப்புகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் தூசியும் துளியும் மடிப்பில் வந்து தங்கும். தைக்கிறவர் மடிப்பு வைத்துக் குண்டூசி குத்தும்போதே கவனிக்க வேண்டியது இது. அவசரத்தில் நாடாவைத் தலைகீழாகப் பொருத்திவிட்டால் மொத்தமும் பிரித்துத் தைக்க வேண்டும்.

● 36 அங்குலப் பன்னாவில் ஒரு மீட்டர் துணி எடுத்தால் 9-க்கு 7 அளவில் 20 துண்டுகள் வெட்டலாம். இரண்டடுக்கு வைத்தால் 10 முகக்கவசம். நாடாவுக்குத் துணி தனி. ஜாக்கெட் தைத்து மிஞ்சும் வெட்டுத்துணியிலேயே நாடா வந்துவிடும்.

● 2020-ல் உலகம் முழுக்கத் துணியைவிட எலாஸ்டிக்குக்குத்தான் பெரிய தட்டுப்பாடு. கடைகள் அடைத்துக் கிடந்ததால் சிலர் பழைய உடுப்பிலிருந்து உருவினார்கள், சிலர் தலைமுடி பேண்டை வெட்டிச் சேர்த்தார்கள். நம் ஊரில் பாவாடை நாடா இருக்கும்போது அந்தக் கவலை எதற்கு? தலைக்குப் பின்னால் கட்டும் நாடா காதை அறுக்காது, குக்கரில் வெந்தாலும் தளராது.

● எந்தத் துணி நல்லது? நெருக்கமாக நெய்த பருத்தி. தையல்காரர்கள் ஜாக்கெட்டுக்கு எடுக்கும் டூ பை டூ ரூபியாவில் பாவு, ஊடு இரண்டும் இரட்டை இழை என்பதால் நெசவு நெருக்கமாக இருக்கும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஜன்னல் கம்பி தெளிவாகத் தெரிந்தால் அந்தத் துணி லாயக்கில்லை.

● தோல் தைக்கும் ஊசியும் துணி தைக்கும் ஊசியும் ஒன்றல்ல. தோல் ஊசியின் முனை கத்திபோல் வெட்டிக்கொண்டு இறங்கும். வெட்டிய ஓட்டை மூடிக்கொள்ளாது. துணி ஊசி இழைகளை விலக்கிவிட்டு இறங்கும். எனவே ஷூவின் மேல்பகுதி தைத்துப் பழகிய பெண் முகக்கவசத்துக்கு வரும்போது முதலில் மாற்ற வேண்டியது ஊசி, அடுத்து நூல். கையில் பழகிய பலமும் கொஞ்சம் குறைய வேண்டும். தோலை இழுத்துப் பிடித்துக் கொடுக்கும் விரல், மெல்லிய பருத்தியை அப்படி இழுத்தால் தையல் சுருங்கிவிடும்.

● என்95 முகக்கவசத்தின் வடிகட்டும் பகுதியில் தையலே இருக்காது. ஊசி போட்டால் ஓட்டை விழும். அல்ட்ராசோனிக் அதிர்வால் அடுக்குகளை உருக்கி ஒட்டுகிறார்கள். நடு அடுக்கில் உள்ள பாலிப்ரொப்பிலீன் இழைகளுக்கு மின்னேற்றம் கொடுத்திருப்பதால் நுண்துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். இந்த மின்னேற்ற முறையை உருவாக்கியவர் தைவானில் பிறந்த பீட்டர் சாய். ஓய்வுபெற்று வீட்டில் இருந்தவர், 2020-ல் திரும்ப வந்து என்95-ஐ மறுபடி பயன்படுத்தும் வழிகளை ஆராய்ந்து சொன்னார்.

● பழைய பருத்திப் புடவையை நான்கு மடிப்பாக மடித்துக் குளத்து நீரை வடிகட்டினால் காலரா குறையும் என்று நிரூபித்தவர் அமெரிக்க விஞ்ஞானி ரீட்டா கால்வெல். வங்கதேசத்தின் மட்லாப் பகுதியில் 65 கிராமங்களில் நடந்த ஆய்வு அது. 2003-ல் வெளியான முடிவுப்படி காலரா 48 சதவீதம் குறைந்தது. புதுப் புடவையைவிடப் பழையதே நன்றாக வடிகட்டியது. துவைத்துத் துவைத்து இழை பிரிந்து துளைகளை அடைத்துக்கொண்டதே காரணம்.

● தண்ணீருக்குச் சொன்ன இந்த நியாயம் காற்றுக்கு அப்படியே பொருந்தாது. காத்மாண்டுக் கடைகளில் விற்ற துணி முகக்கவசங்களை 2019-ல் ஆராய்ந்தபோது, நான்கு முறை துவைத்துக் காய வைத்ததும் வடிகட்டும் திறன் 20 சதவீதம் குறைந்திருந்தது. இழுபட்டு இழுபட்டுத் துளைகள் அகன்றுவிட்டன. தொளதொளத்துப் போனதைத் தரைத்துணியாக்கிவிட்டுப் புதிது போட்டுக்கொள்வதே சரி.

● எவ்வளவு நல்ல துணியானாலும் கன்னத்தோரம் இடைவெளி இருந்தால் பயனில்லை. 2020-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில், சரியாகப் பொருந்தாத முகக்கவசத்தின் வடிகட்டும் திறன் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மூக்கின் மேல் வளைத்துவிட ஒரு சிறு கம்பியை உள்ளே வைத்துத் தைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

● ஏப்ரல் 2020 தொடக்கத்திலேயே இந்தியாவின் 24 மாநிலங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஒரு கோடிக்கும் மேல் முகக்கவசம் தைத்து முடித்திருந்தன. முதலிடம் தமிழ்நாட்டுக்கு. சுமார் 26 லட்சம். ஊரடங்கு தொடங்கி இரண்டு வாரம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. பஸ் இல்லை, துணிக்கடை இல்லை. வீட்டில் மூலையில் கிடந்த மிஷின்கள் செய்த வேலை அது.

● அந்தக் குழுக்களின் தொடக்கம் நமக்குப் பக்கத்து மாவட்டத்தில். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் தருமபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் முதலில் வந்தது. மாதம் பத்து இருபது என்று சேமிக்கக் கூடிய பெண்கள், முப்பது வருடத்துக்குப் பிறகு ஒரு கொள்ளைநோய்க்கு ஈடுகொடுத்தார்கள்.

● கிராமத்து வீடுகளில் மிஷின் எப்படி வந்தது? சொந்தக் காசில் தவணை கட்டி வாங்கியவர்கள் ஒருபக்கம். ஏழைப் பெண்களுக்கும் கைவிடப்பட்டோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தமிழ்நாடு அரசு கொடுக்கும் மிஷின் இன்னொரு பக்கம். அந்தத் திட்டத்துக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயர். நம் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையைத் தைப்பவர்களும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்களே.

● இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தி, தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். 1924-ல் ஒரு மாணவருடன் பேசும்போது, உபயோகமான சில பொருள்களில் அதுவும் ஒன்று என்று சிங்கர் மிஷினைப் புகழ்ந்தார்.

● 2020 ஜூலை 27 அன்று ரேஷன் அட்டைதாரர்களுக்கு இலவச முகக்கவசம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. குடும்பத்தில் ஆளுக்கு இரண்டு. துவைத்து மறுபடி போட்டுக்கொள்ளும் வகை. 2.08 கோடி குடும்பங்களுக்கு 13 கோடிக்கும் மேல் தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் முகக்கவசம் போடாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் வந்தது. அதற்குத் திருத்தப்பட்ட சட்டம் 1939-ல் வந்த பொது சுகாதாரச் சட்டம்.

● தமிழ்நாட்டு மத்தியச் சிறைகளில் தையல் கூடங்கள் உண்டு. 2020-ல் அங்கிருந்த கைதிகளும் முகக்கவசம் தைத்தார்கள். வேலூர் மத்தியச் சிறையில் ஷூ தயாரிக்கும் கூடம் இருக்கிறது. போலீஸாரின் காலில் இருக்கும் ஷூ அங்கே தைத்ததாக இருக்கலாம்.

● ரயில்வே ஊழியர்களும் தைத்தார்கள். 2020 ஏப்ரல் 7-க்குள் இந்திய ரயில்வே தன் பணிமனைகளிலும் மண்டலங்களிலுமாக 5.82 லட்சம் துணி முகக்கவசங்களைத் தயாரித்திருந்தது. பயணிகள் ரயில் ஓடாவிட்டாலும் சரக்கு ரயில் ஓடியது. தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் டிராக்மேன் வீட்டில் உட்கார முடியுமா? அவருக்கும் லோகோ பைலட்டுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. 1864-லேயே பெங்களூருக்குக் கிளைப்பாதை கண்ட ஜோலார்பேட்டை போன்ற ஜங்ஷன் ஊரில் இதன் அருமை எல்லோருக்கும் புரியும்.

● அப்போதைய குடியரசுத் தலைவரின் மனைவி சவிதா கோவிந்த், 2020 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் மாளிகை வளாகத்தில் உள்ள சக்தி ஹாட்டில் மிஷினில் உட்கார்ந்து முகக்கவசம் தைத்தார். டெல்லியின் காப்பகங்களில் இருந்தவர்களுக்காக.

● அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் நகரில் உள்ள டீக்கனஸ் மருத்துவமனை, 2020 மார்ச் நடுவில் "எங்களுக்கு முகக்கவசம் தைத்துக் கொடுங்கள்" என்று பொதுமக்களிடம் கேட்டது. எப்படித் தைக்க வேண்டும் என்ற செய்முறையையும் சேர்த்தே வெளியிட்டது. செக் குடியரசு அதே வாரம் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. கடையில் சரக்கு இல்லை. நாடே வீட்டில் உட்கார்ந்து தைத்தது.

● காது கேளாதவர்கள் உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். முகக்கவசம் அந்த வழியை அடைத்துவிட்டது. 2020 மார்ச்சில் கென்டக்கியில் ஒரு கல்லூரி மாணவி வாய்ப்பகுதியில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் வைத்துத் தைத்து இலவசமாக அனுப்பத் தொடங்கினார். முகக்கவசத் தொண்டிலேயே என் மனத்தை அதிகம் தொட்டது இதுதான். எல்லோரும் எண்ணிக்கையைப் பார்த்த நேரத்தில், யாருக்கு இது பயன்படவில்லை என்று ஒருவர் யோசித்திருக்கிறார்.

● பன்னிரண்டு மணி நேரம் முகக்கவசம் போட்ட நர்ஸுக்குக் காதின் பின்புறம் புண்ணாகிவிடும். பின்னல் தெரிந்தவர்கள் தலைப்பட்டை பின்னி இருபுறமும் பட்டன் வைத்துக் கொடுத்தார்கள். எலாஸ்டிக்கைப் பட்டனில் மாட்டினால் காதுக்கு ஓய்வு. கனடாவில் 12 வயதுச் சாரணர் சிறுவன் ஒருவன் முப்பரிமாண அச்சில் இதற்கான பட்டை செய்து மருத்துவமனைகளுக்குக் கொடுத்தான்.

● அறுவை அரங்கில் முகக்கவசம் வந்தது 1897-ல். ஜெர்மானிய நகரமாக அன்று இருந்த பிரெஸ்லாவில் மிக்குலிச் என்ற அறுவை நிபுணரும், பாரிஸில் பால் பெர்ஜேயும் அதே ஆண்டில் வாயை மூடிக்கொண்டு கத்தியைப் பிடித்தார்கள். பேசும்போது தெறிக்கும் துளிகளில் கிருமி இருக்கிறது என்று ஃப்ளூகே என்ற விஞ்ஞானி கண்டுபிடித்ததே அதற்குத் தூண்டுதல்.

● கொள்ளைநோயில் முகக்கவசத்தை மக்களிடம் கொண்டுபோனவர் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே. 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பஞ்சை வலைத்துணியில் பொதிந்து தலைக்குப் பின்னால் கட்டும் முகக்கவசத்தை அவர் வடிவமைத்தார். இளைஞரான வூ சொன்னதை ஏற்காத பிரெஞ்சு டாக்டர் மெனி முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் பிளேக்கிலேயே இறந்தார். அதன் பிறகு எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். அந்தப் பிளேக் சுமார் 60,000 பேரைக் கொன்றது. நாலே மாதத்தில் அடங்கியது.

● 1918 இன்ஃப்ளூயன்சாவில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெண் தொண்டர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து வலைத்துணி முகக்கவசம் தைத்தார்கள். அதே காய்ச்சல் மும்பைத் துறைமுகம் வழியே இந்தியாவுக்குள் நுழைந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதே 1918-ல்தான் டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1909-லேயே நர்ஸிங் பள்ளி தொடங்கிவிட்டார்.

● யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலும் கதிர்காமத்திலும் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். வாய்கட்டிப் பூசை என்று பெயர். மந்திரம் சொல்வதில்லை, மௌனம்தான். மூச்சோ எச்சிலோ தெய்வத்தின்மேல் படக்கூடாது என்ற எண்ணம் நம்மிடம் ரொம்பப் பழையது.

● ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் பாதையில் போனால் வருவது திருப்பத்தூர். அங்கே 1921-ல் டாக்டர் சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்து டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள். மருத்துவமனையும் நடத்தினார்கள். இருவரும் கதர் உடுத்தினார்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அவர்களை அழைத்தார்கள். சின்னண்ணனின் குடும்பம் ஸ்காட்லாந்தில் பின்னல் நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை கைநூற்ற துணி கட்டி இங்கே ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். இந்த வரலாறு நம் பாடப்புத்தகத்தில் இடம்பெற வேண்டும்.

● வேலூருக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைசெய்து நிமிர்த்தினார். உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வராமல் காக்க, மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த செருப்பும் வேலூர், கரிகிரி ஆய்வுகளிலிருந்தே பரவியது. தொழுநோயாளிகளுக்காக மேல்நாட்டுச் சர்ச் பெண்கள் பருத்தி நூலில் கட்டுத்துணி பின்னி அனுப்பும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. துவைத்துத் துவைத்துக் கட்டலாம் என்பதால் அதற்கு மதிப்பு.

● 2020 வசந்தத்தில் வேலூர் லாட்ஜுகளில் மாட்டிக்கொண்டவர்கள் ஜார்க்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் சிகிச்சைக்கு வந்த நோயாளிகளும் உறவினர்களும். மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில்களில் அவர்கள் ஊர் திரும்பினார்கள். எல்லோரும் முகக்கவசம் போட வேண்டும் என்று அந்த நாட்களில் திரும்பத் திரும்ப எழுதியவர், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வைரஸ் இயல் நிபுணர் டாக்டர் ஜேக்கப் ஜான்.

● மருத்துவர்கள் போடும் முழு உடல் கவச உடை ரத்தத்தை உள்ளே விடாமல் தடுக்கிறதா என்று சோதிக்க, 2020 தொடக்கத்தில் இந்தியாவில் அங்கீகாரம் பெற்றிருந்த ஒரே ஆய்வகம் கோவையில் உள்ள சிட்ரா. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம். செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு துணிமேல் செலுத்திப் பார்ப்பார்கள். ஊசித்துளை வழியே கசிந்தால் ஃபெயில். அதனால்தான் அந்த உடையின் தையல்மேல் டேப் ஒட்டுகிறார்கள்.

● தோல் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். கழிவுநீர்த் தொட்டியில் வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைத் துணி முகக்கவசம் தடுக்காது. என்95-உம் தடுக்காது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்கியவர்கள் திரும்பி வரவில்லை. துணியைக் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். பஃபிங் மிஷினில் பறக்கும் தோல்தூசி வேறு விஷயம். அதற்கு நல்ல முகக்கவசம் உதவும்.

● முகக்கவசத்தால் உண்மையிலேயே பலன் உண்டா என்று வங்கதேசத்தின் 600 கிராமங்களில், 3.4 லட்சம் பெரியவர்களிடம் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். இலவசமாகக் கொடுத்து, எடுத்துச் சொல்லி, நினைவூட்டியதில் முறையாகப் போடுகிறவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். சர்ஜிகல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியுள்ள தொற்று 11 சதவீதம் குறைந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 35 சதவீதம். துணி முகக்கவசத்துக்கு அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. அன்றைக்குக் கையில் இருந்தது துணி, அதனால் துணியில் தைத்தோம். இன்று சர்ஜிகல் மாஸ்க் மருந்துக்கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அதையே வாங்கிக் கொடுங்கள்.

● காசநோயாளி முகக்கவசம் போட்டால் சுற்றியிருப்பவர்களுக்குக் காப்பு. தென்னாப்பிரிக்காவில் ஒரு வார்டின் காற்றைக் கினிப்பன்றிகள் இருந்த அறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். நோயாளிகள் முகக்கவசம் போட்டிருந்த நாட்களில் தொற்று 56 சதவீதம் குறைவு.

● சர்ஜிகல் மாஸ்க்கில் நிறமுள்ள பக்கம் வெளியே இருக்க வேண்டும். போட்டு முடித்ததைக் காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்து, வெட்டிய பிறகே குப்பையில் போடச் சொன்னது 2020-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். வெட்டாமல் போட்டால் யாராவது பொறுக்கித் துவைத்து மறுபடி விற்றுவிடுவார்கள். 72 மணி நேரக் காத்திருப்பு தூய்மைப் பணியாளரின் கைக்குப் பாதுகாப்பு.

● எவன்ஸ்வில் மருத்துவமனை தன் தேவையைத் தானே சொல்லிக் கேட்டது, அதற்கு ஏற்பத் தைத்தார்கள், பயன்பட்டது. கேட்காமலே தைத்து அனுப்பினால் மூட்டை பிரிக்கப்படாமல் கிடக்கவும் கூடும். உங்கள் வீட்டில் மிஷின் இருந்து, மனமும் நேரமும் இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ ஒருமுறை நேரில் போங்கள். தலைமை நர்ஸைப் பார்த்து என்ன குறைகிறது என்று கேளுங்கள். தலையணை உறையோ, குழந்தை சுற்றும் துணியோ, பிரசவ வார்டுக்கு நைட்டியோ சொல்வார். அளவு வாங்கிக்கொண்டு வந்து தையுங்கள்.